மோரீனுக்கு வைத்த வெள்ளகோவில் பஞ்சு

1

இந்த மாதத்தோடு நான் இங்கிலாந்துக்கு வந்து மூன்று வருடம். அதைக் கொண்டாடும்படி எதுவும் செய்துவிடவில்லை. ஆனால் இந்த மாதம் ஒரு திங்கட்கிழமை ஒரு காரியம் செய்தேன். அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவரின் தொண்டையைக் கருக்கி, அரும்பாடுபட்டு சிகரெட்டை விட்டிருந்தவரை மறுபடி சிகரெட் வாங்க வைத்தேன். கருகியது நம் ஊர்ப் பஞ்சு. வைத்தது நான். அதனால்தான் இந்தக் குறிப்பு.

அதற்கு முன் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். "லெஸ்டர் நகரத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை" என்று இரண்டு வருடமாக வீட்டில் சொல்லி வந்தேன். அம்மா திருப்பூரில் பனியன்களில் பிசிறு வெட்டுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் பெண்களிடமெல்லாம், "என்ற சின்னவ கொவாலிட்டியில இருக்கறா" என்று சொல்லிச் சொல்லி, அந்தக் கம்பெனியில் எனக்கு ஒரு சிலை வைக்காததுதான் குறை.

உண்மையில் நான் இருப்பது வேப் கடையில். ஒரு பக்கம் குதிரைப் பந்தயச் சூதாட்டக் கடை, மறுபக்கம் டோப்பா விற்கும் கடை, நடுவில் நான், முதுநிலைப் பட்டத்தோடு.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆள், விமானம் ஏறிய முதல் ஆள், பனியைத் தொட்டுவிட்டு "இவ்வளவுதானா" என்று கேட்ட முதல் ஆள் எல்லாமே நான்தான். போட்டிக்கு யாரும் இல்லாததால் எல்லாவற்றிலும் முதலிடம். அந்தப் பெருமையை நான் மறைப்பதில்லை. மறைத்தது கடையை மட்டும்தான்.

வேப் என்பது நம் நாட்டில் விற்கத் தடை செய்யப்பட்ட பொருள். ஆகவே இனி நான் சொல்லப்போகும் அறிவால் உங்களுக்கு எள்ளளவும் பயன் இல்லை. நிதானமாகப் படிக்கலாம். கீழே ஒரு பேட்டரி. மேலே ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி, அதற்குப் பெயர் டேங்க். தொட்டியில் வாசனைத் திரவம், அதை ஜூஸ் என்பார்கள். நடுவே சுருள் சுருளாக ஒரு கம்பி, அதுதான் காயில். அதன் வயிற்றுக்குள் பஞ்சு. பொத்தானை அழுத்தினால் கம்பி சுடும், பஞ்சில் ஊறிய ஜூஸ் ஆவியாகும், அதை இழுத்து ஊதலாம். நல்ல பழக்கம் என்று நான் சொல்லவே இல்லை. சிகரெட்டை விட முடியாதவர்கள் பிடித்துக்கொள்ளும் கொம்பு அது. அது வேண்டுமென்று சிகரெட்டே தொடாத பிள்ளைகள் வந்து நின்றால், வயதுச் சான்று கேட்டு வெளியே அனுப்புவதும் என் வேலைதான். நான் நாற்பத்தெட்டுக் கிலோ. "உனக்கே வயசாச்சா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

கடைக்கு வருகிறவர்களின் ஒரே புலம்பல், "காயில் மூணு நாள்கூட வரமாட்டேங்குது." பதிலாக ஒரு சொற்பொழிவு வைத்திருக்கிறேன். புதுப் பஞ்சை உலர்ந்த நிலையில் சுட வைக்காதீர்கள். முதலில் நாலு சொட்டு விட்டு நனைத்து, தொட்டியை நிரப்பி, பத்து நிமிடம் சும்மா இருங்கள். தொட்டி அடிமட்டத்துக்குப் போகும்வரை ஊதாதீர்கள். மூச்சு விடாமல் அடுத்தடுத்து இழுத்தால் பஞ்சு ஜூஸைக் குடிக்க நேரம் இருக்காது. சூட்டைக் குறைவில் தொடங்குங்கள். இனிப்பு அதிகமான ஜூஸ் கம்பியில் வெல்லப்பாகு போல் ஒட்டிக் கருகும், அதைக் குறையுங்கள். இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பஞ்சுமிட்டாய் வாசனை ஜூஸ் ஒன்று வாங்கி, வாசலைத் தாண்டும் முன்னே ஊதிக்கொண்டு போவார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்து புலம்புவார்கள்.

ஒருமுறை கருகிய பஞ்சு கருகியதுதான். அதற்குப் பரிகாரம் கிடையாது.

2

மோரீன் மட்டும் என் சொற்பொழிவைக் கேட்டவர். கேட்டுவிட்டு, "நீ டீச்சருக்குப் படிச்சியா, வாத்து?" என்றார்.

வாத்து என்பதை விளக்கிவிடுகிறேன். இந்த நகரத்தில் முகம் தெரியாதவர்களைக்கூட அன்பாக 'வாத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த முதல் மாதம் ஒரு பஸ் ஓட்டுநர் என்னை வாத்து என்றதும், இனவெறி என்று முடிவுகட்டி, புகார் எழுத ஆங்கிலத்தில் நல்ல வாக்கியங்கள் சேர்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளி ஹர்ஷத் பாய்தான் தடுத்தார். படிக்கும்போதே அவர் கடையில் எனக்குப் பகுதிநேர வேலை. அவர் குஜராத்திக்காரர். "பேட்டா, நாம குழந்தைன்னு சொல்றோமில்ல, அந்த மாதிரி" என்று இந்தியில் சொன்னார். என் இந்தி, திருப்பூரில் எங்கள் தெருவில் குடியிருந்த பீகார்ப் பையன்களிடம் பொறுக்கியது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும். யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் கண்ணு என்கிறோம், சாமி என்கிறோம், அம்மிணி என்கிறோம். ஒரு உறுப்பாக இருப்பதைவிட முழு வாத்தாக இருப்பது மேல்.

மோரீன் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழாக்கியிருக்கிறேன். கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டேன், அதனால் அவர் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது.

அவர் வைத்திருக்கும் டேங்க் இப்போது யாரும் வாங்காத வகை. அதில் கம்பிச்சுருள் அப்படியே இருக்கும், வாரம் ஒருமுறை பஞ்சை மட்டும் நாமே மாற்ற வேண்டும். அவர் மகன் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது விட்டுச் சென்றது. "புதுசு வாங்கிக்கோங்க, பஞ்சோடவே காயில் வரும்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"என் பையன் எனக்குக் குடுத்துட்டுப் போனது ரெண்டே பொருள்" என்பார் மோரீன். "ஒண்ணு இது. இன்னொண்ணு ஞாயித்துக்கிழமை போன். போனைவிட இது நல்லா வேலை செய்யுது."

அவருக்குக் கைவிரல்களில் வாதம். பஞ்சு நுழைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான்தான் வைத்துக் கொடுப்பேன். சுடிதார் இடுப்பில் நாடா கோப்பது போன்ற வேலை அது. இழுக்கும்போது கொஞ்சமாகத் தடை தெரிய வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஜூஸ் ஏறாது, தளர்ந்தால் ஒழுகும். நாடா கோத்துப் பிழைத்த ஊரிலிருந்து வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

அவருக்கு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டும். மாடிப்படி ஏற முடியாமல் பல மாதமாகக் கீழ்க்கூடத்து சோபாவில்தான் படுக்கை. போன முறை அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டு, புகைத்துக்கொண்டே இருந்தார் என்று தள்ளி வைத்துவிட்டார்கள். இந்த முறை வியாழக்கிழமை காலை செவிலியர் முன்னால் ஒரு கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். கடைசி ஒரு நாளுக்குள் சிகரெட் பிடித்திருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். வேப் ஆவியை அது கண்டுகொள்ளாது. பச்சை எரிந்தால் தேதி. சிவப்பு எரிந்தால் மறுபடி சோபா.

இத்தனையும் எனக்கு முன்பே தெரியும் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

அந்தத் திங்கட்கிழமை காலை கடையில் பஞ்சு தீர்ந்திருந்தது. ஹர்ஷத் பாய் ஆர்டர் போட மறந்துவிட்டார். "புதன்கிழமை வந்துரும் பேட்டா" என்று சொல்லிவிட்டு வங்கிக்குப் போனார். பத்து மணிக்கு மோரீன் கைத்தடியோடு வந்து நின்றார். பழைய பஞ்சு கறுத்துவிட்டது, இழுத்தால் கசக்கிறது.

என் கைப்பையில் ஒரு பொட்டலம் இருந்தது. ஊருக்குப் போய்வந்த அறைத்தோழி அன்று காலைதான் கொடுத்தாள். என் அக்கா கோமதி கொடுத்தனுப்பியது. அக்கா வீட்டுக்காரருக்கு வெள்ளகோவிலில் ஒரு நூல் மில்லில் வேலை. அங்கே சிக்கெடுத்துச் சுத்தம் செய்த பஞ்சு, மேகத்தைப் பிய்த்துச் சுருட்டியது போல் இருக்கும். விளக்குத் திரிக்கு அதைவிட நல்ல பஞ்சு கிடையாது. எங்கள் வீட்டில் அதைப் போட்டால் எண்ணெய் தீரும்வரை திரி கருகாது.

அந்த நொடியில் என் தலைக்குள் என்ன ஓடியது என்று நேர்மையாகச் சொல்கிறேன். வேப்புக்கென்று பத்து கிராம் பஞ்சைச் சின்னப் பையில் அடைத்து, மேலே ஒரு பச்சை இலைப் படம் போட்டு விற்கிறார்கள். உலகத்துக்கே பனியன் போட்டுவிடும் ஊரில் பிறந்தவளிடம் பஞ்சு இல்லை என்று இவர் திரும்பிப் போவதா? ஜூஸும் பார்க்க நல்லெண்ணெய் மாதிரித்தான் கொழகொழவென்று இருக்கிறது. எண்ணெயை இவ்வளவு அழகாகக் குடிக்கும் பஞ்சு இதைக் குடிக்காதா?

"இது எங்க ஊர்ப் பஞ்சு" என்றேன். குரலில் கொஞ்சம் தேசிய கீதம் இருந்தது.

"அடேயப்பா" என்றார் மோரீன்.

கோத்தேன். சொட்டு விட்டேன். சொட்டு உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. விரலால் அழுத்தித் தேய்த்தேன், இறங்கியது போல் தெரிந்தது. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லும் என் சொற்பொழிவை அன்றைக்கு எனக்கே நான் நிகழ்த்தவில்லை.

4

மறுநாள் காலை மோரீன் வந்து, கல்லா மேசைமேல் ஒரு சிகரெட் பெட்டியை வைத்தார். பிரித்திருந்தது.

"நேத்து நீ வெச்சது பஞ்சா, பழைய செருப்பா?" என்றார். ரெண்டாவது இழுப்பிலேயே தொண்டை பற்றிக்கொண்டது என்றார். தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் பொறுத்து, மறுபடி இழுத்தால் மறுபடி நெருப்பு. டேங்கைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் எறிந்துவிட்டு, கைத்தடியை ஊன்றி முக்குக் கடைவரை நடந்து இதை வாங்கியிருக்கிறார்.

"எத்தனை?" என்றேன்.

"மூணு. இன்னிக்குக் காலையில ஒண்ணு. நாலு." பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாளன்னிக்கு ஊதணும். ஊதி என்ன ஆகப்போகுது? சோபா பழகிடுச்சு, வாத்து."

திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. கைத்தடியைத் தட்டித் தட்டிப் போய்விட்டார்.

மதியம் இரண்டு மணிக்குக் கடைக்குப் பின்னால் நின்று அக்காவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். அங்கே மாலை ஆறரை. ஒரு சாயப்பட்டறையில் துணி பார்க்கும் வேலை அவளுக்கு, ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரம். நான் அழைத்தது மன்னிப்புக் கேட்க அல்ல. பழி போட. படித்தவர்களுக்கு அது முதலில் வரும்.

"என்ன அம்மிணி இந்நேரத்துக்கு? கொவாலிட்டியில டீ குடிக்க வுட்டுட்டாங்களா?"

"அக்கா, நீங்க குடுத்துவுட்ட பஞ்சு சரியில்லீங்க்கா."

"ஏ, நாக்கு அழுகீரும். மில்லுல என்ற ஊட்டுக்காரரு பாத்துப் பாத்து எடுத்தாந்ததாக்கும். வெளக்கு எரியலயா?"

"வெளக்குல போடலீங்க்கா."

"பின்ன காதுலயா வெச்ச?"

சொல்லத் தொடங்கினேன். ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே ஒரு உண்மையைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு இயந்திரம், அதில் சூடாகும் ஒரு கம்பி, அதற்குள் பஞ்சு, அதை வாயில் வைத்து இழுப்பார்கள். இழுப்பார்கள் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

"இழுப்பாங்களா? எங்கே, போனைத் திருப்பு. கடையக் காட்டு."

பின்கதவைத் திறந்து திருப்பினேன். அலமாரி அலமாரியாக வண்ணக் குப்பிகள்.

"சென்ட் கடையாட்டம் இருக்குது?"

"சென்ட் இல்லீங்க்கா. பொகை."

அக்கா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"சிகரெட் கடையிலயா இருக்கற நீ?"

"சிகரெட்டை வுடறவங்க வர்ற கடைங்க்கா."

"வுடறதுக்குக்கூடக் கடை வெச்சிருக்கறாங்களா? நம்மூர்ல வாங்கத்தான்டி கடை." பிறகு, "மூணு வருசமா கொவாலிட்டி கொவாலிட்டின்னு அந்தக் கெழவி ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறா."

"ரண்டு வருசங்க்கா. மொத வருசம் படிச்சேன்."

"கணக்கு மட்டும் கரெக்ட்டாச் சொல்லிரு."

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி அவளை வேலைக்கு அனுப்பினார்கள். என்னை அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதற்கு, வீட்டுக்கு வந்த முதல் சம்பளம் அவளுடையது என்பதுதான் விடை. இதை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. அன்றும் பேசவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு வேறொன்று கேட்டாள்.

"சொட்டுப் போட்டுப் பாத்தியா?"

"என்ன சொட்டு?"

"தண்ணிச் சொட்டுடி. பஞ்சு மேல."

சாயப்பட்டறையில் ஒவ்வொரு துணிக்கும் அதைத்தான் செய்வார்கள். வெளுத்து வந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். சட்டென்று இறங்கினால் சாயம் ஏறும். நின்றால் துணி திரும்பப் போகும். அக்கா ஒரு நாளைக்கு நூறு முறை செய்யும் வேலை அது.

பொட்டலத்தைப் பிரித்து, குடிதண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டு, போனைப் பக்கத்தில் பிடித்தேன்.

"நிக்குதா?"

"நிக்குதுங்க்கா."

"முத்தாட்டமா?"

"முத்தாட்டந்தாங்க்கா."

அவள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "அட கூறுகெட்டவளே! அது எண்ணெய்ப் பசை எடுக்காத பஞ்சுடி. சோடாப் போட்டு வேக வெச்சாத்தான தண்ணி குடிக்கும்? எண்ணெயின்னா குடிக்கும், அதுக்கும் இதுக்கும் சொந்தம். தண்ணியத் துப்பீரும். அஞ்சாப்பு எனக்குத் தெரியுது, காலேஜுல உனக்கு என்னத்தச் சொல்லிக்குடுத்தாங்க?"

என் ஜவுளித் தொழில்நுட்ப வகுப்பில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் படலம் உண்டு, காரத்தில் கொதிக்க வைத்து நீக்காவிட்டால் நீர் ஏறாது. பத்து மதிப்பெண் கேள்வி. படம் வரைந்து, வண்ணம் அடித்து, பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். பார்க்க எண்ணெய் மாதிரி இருந்தாலும் ஜூஸ் தண்ணீரோடு கலக்கும் இனம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்ததெல்லாம் விடைத்தாளோடு போய்விட்டது. அந்தப் பச்சை இலைப் பையில் விற்கிறவர்கள் பஞ்சை வேகவைத்து விற்கிறார்கள். நான் பச்சையாக வைத்து ஒரு பெண்மணியின் தொண்டையை வேகவைத்தேன்.

"அந்தம்மா இப்ப என்ன பண்றாங்க?" என்றாள் அக்கா.

"ஊட்டுல உக்காந்து சிகரெட் குடிப்பாங்க."

"அப்பறம் எதுக்கு என்ற மூஞ்சியப் பாத்துட்டு நிக்கற? போ. கொவாலிட்டிய அப்பறம் பேசிக்கலாம்."

வைக்கும் முன் ஒன்று கேட்டாள். "நம்ம அப்பனுக்கு ஒண்ணு அனுப்ப முடியுமா? பீடிய வுடுவாரு."

"நம்ம நாட்டுல தடைங்க்கா."

"பீடிக்கு?"

"பீடிக்கு இல்லீங்க்கா. இதுக்கு."

"நல்ல சட்டம்டி" என்று வைத்துவிட்டாள்.

5

ஐந்து மணிக்குக் கடையை ஹர்ஷத் பாயிடம் விட்டுவிட்டு, நகரத்தின் மறுமுனையில் எங்கள் போட்டிக் கடைக்குப் போய் முத்திரை பிரிக்காத பஞ்சு ஒரு பை வாங்கினேன். அந்தக் கடைப் பெண் என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். சிரிக்கட்டும்.

மோரீன் வீடு எங்கள் கடையிலிருந்து மூன்றாவது தெரு. கதவைத் திறந்தவர், "வீட்டுக்கே வந்து கொல்லப் போறியா?" என்றார். உள்ளே விட்டார்.

சமையலறை மேசையில் சிகரெட் பெட்டி. பாத்திரத் தொட்டிக்குள் டேங்க், நல்லவேளை கண்ணாடி உடையவில்லை. கழுவித் துடைத்தேன். கருகிய வெள்ளகோவிலைப் பிடுங்கி எறிந்தேன். வெறும் கம்பியைச் சிவக்கும்வரை சூடேற்றி, ஆறவைத்து, ஒட்டியிருந்த கரியைத் தூரிகையால் தட்டினேன். புதுப் பஞ்சில் ஒரு துணுக்கைப் பிய்த்து மேசைமேல் வைத்து, குழாயிலிருந்து விரலில் தண்ணீர் தொட்டு ஒரு சொட்டு விட்டேன்.

"என்ன மந்திரம் இது?"

"பாருங்க."

சொட்டு விழுந்த இடத்திலேயே காணாமல் போனது. பக்கத்தில் என் பொட்டலத்துப் பஞ்சையும் வைத்து ஒரு சொட்டு விட்டேன். முத்து.

மோரீன் குனிந்து இரண்டையும் பார்த்தார். "எங்க ஃபேக்டரியில இந்த மாதிரி ஒரு ஆள் துணிமேல எச்சில் துப்பிப் பாப்பான்" என்றார். "நாங்க அவன் பக்கத்துல சாப்பிட உட்கார மாட்டோம்."

அப்போதுதான் தெரிந்தது. ஒரு காலத்தில் இந்த நகரமே பனியனும் காலுறையும் பின்னியதாம். மோரீன் இருபத்தொரு வருடம், துணி விளிம்பு தைக்கும் ஓவர்லாக் மிஷினில் இருந்தவர். இடதுகை ஆள்காட்டி விரலைக் காட்டினார். ஊசி இறங்கிய நகம், நடுவில் பிளந்து வளர்ந்திருந்தது. எங்கள் தெருவில் ஓவர்லாக் ஓட்டும் பெண்களில் பாதிப் பேருக்கு இந்த நகம் உண்டு. இத்தனை கடல் தாண்டி வந்து, கடைசியில் ஒரு ஓவர்லாக் ஆளின் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குத் திருப்பூரிலேயே இருந்திருக்கலாம்.

பஞ்சைக் கோத்து, நனைத்து, தொட்டியை நிரப்பினேன். "பத்து நிமிஷம்" என்றேன்.

பத்து நிமிடம் என்பது நீங்கள் நினைப்பது போல் சின்ன நேரம் அல்ல. மேசையில் ஒரு பக்கம் டேங்க், ஒரு பக்கம் சிகரெட் பெட்டி. மோரீன் தேநீர் போட்டார். மகன் மூன்று ஞாயிறாக அழைக்கவில்லை, நேர வித்தியாசம் அவனுக்குக் குழப்பமாக இருக்கிறதாம் என்றார். "அவன் போய்ப் பதினோரு வருசம் ஆச்சு. கடிகாரம் பாக்க இன்னும் கத்துக்கல." நான் தேநீரை ஊதிக் குடித்தேன். ஐந்தரை மணி நேரத்தையும் நாலரை மணி நேரத்தையும் சாக்குச் சொல்லி நானும் எத்தனையோ அழைப்புகளைத் தப்பவிட்டிருக்கிறேன்.

ஏழாவது நிமிடம் அவர் கை பெட்டிக்குப் போனது. ஒன்றை எடுத்து உதட்டில் வைத்தார். லைட்டரைத் தேடினார்.

"த்ரீ மினிட்ஸ்ங்க!" என்று கத்திவிட்டேன்.

உதட்டில் சிகரெட்டோடு என்னைப் பார்த்தார். "அது என்ன கடைசியில 'ங்க'?"

"எங்க ஊர்ல மரியாதைக்குச் சேர்ப்போம்."

"மிரட்டும்போதுமா?"

"மிரட்டும்போதுதான் முக்கியமாச் சேர்ப்போம்."

அவர் சிரித்ததில் சிகரெட் நழுவித் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. அதை எடுக்கப் பார்த்து, யோசித்து, விட்டுவிட்டார். ஒன்பது. பத்து. நான் டேங்கை நீட்டினேன். குறைந்த சூடு, மெதுவாக, ஒரே ஒரு இழுப்பு.

கண்ணை மூடி இழுத்தார். நான் இருமலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"எலுமிச்சை கேக்" என்றார். "திரும்பி வந்துடுச்சு."

"அந்த ஜூஸ்ல இனிப்பு அதிகம். காயில் சீக்கிரம் போகும்ன்னு..."

"வாத்து, வாயை மூடு."

புறப்படும்போது சிகரெட் பெட்டியை என் கையில் திணித்தார். "குப்பையில போடாதே. நான் பொறுக்கிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். கொண்டு போ."

ஆக, வாழ்க்கையில் முதன்முறையாக என் கைப்பையில் ஒரு சிகரெட் பெட்டி. எங்கள் ஊரில் யாராவது பையைத் திறந்து பார்த்திருந்தால் என் கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். இரண்டு தெரு தள்ளி ஒரு குப்பைத்தொட்டியில் போடும் முன், என் 'முதல்' பட்டியலுக்கு நினைவாக அதை வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன்.

6

புதன்கிழமை அவர் வரவில்லை. புதன்கிழமை ஹர்ஷத் பாயின் பஞ்சு வந்தது. நான் ஒவ்வொரு பையிலும் சொட்டுப் போட்டுப் பார்த்தேன். "எதுக்கு பேட்டா கடையை நனைக்கிறே?" என்றார். தரக்கட்டுப்பாடு என்றேன். இரண்டு வருடத்தில் முதன்முறையாக அது பொய் இல்லை.

வியாழன் மதியம் கைத்தடிச் சத்தம் கேட்டது. மோரீன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருபத்தொரு வருடம் சூப்பர்வைசர் முன்னால் முகத்தில் எதையும் காட்டாமல் பழகியவர்.

"நாலு சிகரெட்டையும் நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

"ஏன் சொன்னீங்க?"

"கேட்டா. பொய் சொல்ல உன்னை மாதிரி நான் படிக்கல." வேலை விஷயத்தில் வீட்டை ஏமாற்றிய கதையைச் சமையலறையில் அவரிடம் சொல்லியிருந்தேன். "அப்புறம் ஊதச் சொன்னா."

"என்ன எரிஞ்சுது?"

பைக்குள் கையை விட்டு நிதானமாகத் துழாவினார். ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்துத் தட்டினார். மூன்று வாரம் கழித்து ஒரு தேதி.

"பச்சை" என்றார். "புல்லு மாதிரிப் பச்சை."

நான் ஏதோ தமிழில் கத்தினேன். என்னவென்று நினைவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் ஒரு அடி பின்னால் போனார்.

தாளோடு இன்னொரு படிவமும் இருந்தது. இந்த நாட்டில் உங்கள் இடுப்பை மாற்றிக் கொடுப்பார்கள், ஆனால் படிவம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். சிகிச்சை முடிந்ததும் கூட்டிப்போக யார் வருவார்? பெயர். தொலைபேசி எண். நோயாளிக்கு என்ன உறவு? ஆஸ்திரேலியாவிலிருந்து கூட்டிப்போக யாரும் வரப்போவதில்லை. பேனாவையும் படிவத்தையும் என் பக்கம் தள்ளினார். விரல் வாதம் என்றார்.

என் பெயரை எழுதினேன். எண்ணை எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் நின்றேன். எங்கள் ஊரில் இதற்குப் பதில் எழுத இந்தக் கட்டம் போதாது, மாமன் மச்சான் பங்காளி என்று தாளின் பின்பக்கமும் போகும். இங்கே? தோழி என்று எழுதினால் அவர் சிரிப்பார். கடைக்காரி என்றால் நர்ஸ் சிரிப்பாள்.

"என்ன யோசனை?" என்றார் மோரீன். "மெக்கானிக்குன்னு போடு."

"மெக்கானிக்கா?"

"என்னோட மிஷினை ரிப்பேர் பண்றது யாரு? ஃபேக்டரியில எங்க வரிசை முழுக்க நம்புறது ஒரே ஒரு ஆளைத்தான். முதலாளியை இல்ல, சூப்பர்வைசரை இல்ல. மெக்கானிக்கை. எழுது, வாத்து."

எழுதினேன். எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரி, தன் அழகான கையெழுத்தில், பெரிய எழுத்துகளில், மெக்கானிக் என்று எழுதினாள். விசாக்காரர்கள் வைத்திருக்கும் திறன்மிகு வேலைகளின் பட்டியலில் என் கடைக்கு இடமில்லை. என் விசா முடிய இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது. ஆனால் ஒரு மருத்துவமனையின் படிவத்தில் எனக்கு ஒரு பதவி இருக்கிறது.

படிவத்தைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டு, கூப்பிட்டாள். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"அம்மா, உங்க சின்னவளைக் கொவாலிட்டியில இருந்து மெக்கானிக்கா மாத்தீட்டாங்களாமா" என்றாள் அக்கா.

அம்மா போனை வாங்கினாள். "அது பெரிய வேலைங்களா சாமி?"

அக்கா முந்திக்கொண்டாள். "கொவாலிட்டிக்காரங்க சும்மா நின்னு கொறை சொல்லுவாங்கம்மா. மெக்கானிக்குன்னா கைத்தொழிலு."

"அப்பச் செரி" என்றாள் அம்மா. நாளைக்குக் காலை பிசிறு வெட்டுகிற இடத்தில் என் பழைய சிலையை எடுத்துவிட்டுப் புதுச்சிலை வைப்பார்கள்.

மோரீனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர வேண்டிய நாளில் எனக்கு விடுப்பு வேண்டும் என்று ஹர்ஷத் பாயிடம் கேட்டேன். சனிக்கிழமை, கூட்டம் அதிகம், என்ன அவ்வளவு அவசரம் என்றார்.

"ஆஸ்பத்திரியில மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்காங்க" என்றேன்.